எர்த் வேறு, மைனஸ் வேறு: பழைய காரில் பேட்டரியை எந்தப் பக்கம் மாட்டுவது?

என் பெரியப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் பேட்டரி செத்துப்போக, புதிதாக ஒன்று வாங்கினோம். கடையிலிருந்து கூடவே வந்த பையன், "மைனஸ் பாடிக்கு, பிளஸ் செல்ஃபுக்கு" என்று சொல்லிக்கொண்டே மாட்டினான். ஒரு கிளாம்ப் பேட்டரிக் கொம்பில் இறங்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து அகட்டி, தட்டி இறக்கினான். இன்னொன்று லொடலொடவென்று ஆடியது. அதற்குள் ஒரு தகரத் துண்டைச் செருகி முடுக்கினான். பெரியப்பா செல்ஃப் குமிழை இழுத்தார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஹெட்லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டும் சார்ஜ் லைட் மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது அணைய வேண்டும். அன்றைக்கோ மிதிக்க மிதிக்க இன்னும் பளிச்சென்று எரிந்தது. சற்று நேரத்தில் பானெட்டுக்கு உள்ளே இருந்து சுட்ட வார்னிஷ் வாசனை. திறந்து பார்த்தால் ஒரு சின்னக் கறுப்பு டப்பாவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அந்த வண்டியில் பாடியோடு சேர வேண்டியது பிளஸ். பையன் மேல் எனக்கு வருத்தமில்லை, அவன் பார்த்த நூறு வண்டியிலும் பாடிக்குப் போவது மைனஸ்தான். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள்கூட இந்த விஷயத்தை அரைகுறையாகப் பேசுவதைக் கேட்கும்போது சங்கடமாக இருக்கிறது. "பாசிட்டிவ் எர்த் வண்டிக்குத் தனி பேட்டரி வேண்டும்", "மாற்றி மாட்டினால் செல்ஃப் தலைகீழாகச் சுற்றும்", "சிவப்பு ஒயர் என்றால் பிளஸ்" என்று பலவும் சொல்வார்கள். மூன்றுமே தவறு. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எர்த் என்றால் என்ன?

டைனமோ வைத்த பழைய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். டைனமோவிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். பேட்டரியும் பல்பும் வைத்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று இரண்டு வழி இல்லாமல் பல்பு எரியாது. அப்படியென்றால் சைக்கிளில் இரண்டாவது ஒயர் எங்கே? சைக்கிளின் இரும்புச் சட்டம்தான் அது. டைனமோவைப் பிடித்திருக்கும் கிளிப்பில் கூர்மையான ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பெயின்ட்டைக் கீறி உள்ளே இருக்கும் இரும்பைத் தொடுவதற்காகவே அதை வைத்திருப்பார்கள். அதை முடுக்க மறந்தால் விளக்கு எரியாது.

காரிலும் இதே கதைதான். ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் இரண்டிரண்டு ஒயர் இழுத்தால் செம்புச் செலவு இரட்டிப்பாகும். அதனால் பேட்டரியின் ஒரு முனையைப் பாடியோடு கட்டிவிட்டு, திரும்பி வரும் வழியாகப் பாடியையே பயன்படுத்துகிறார்கள். இப்படிப் பாடியை ஒயராக்கிக்கொள்வதற்குப் பெயர்தான் எர்த். வீட்டு எர்த் மாதிரி இது மண்ணுக்குப் போவதில்லை. கார் ரப்பர் டயரில்தானே நிற்கிறது.

சுருக்கமாக: எர்த் என்பது ஒரு வேலையின் பெயர், திரும்பி வரும் வழி. அந்த வேலையை பேட்டரியின் எந்த முனையோடு சேர்ந்து செய்வது என்பது வேறு கேள்வி.

பிளஸ்ஸும் மைனஸும்

பேட்டரியின் இரண்டு கொம்புகளில் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். எது எது என்கிற இந்தப் பாகுபாட்டைத்தான் துருவம் என்கிறோம். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும், முழு சார்ஜில் மொத்தம் 12.6 வரும். இந்த 12.6 என்பது இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்.

மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரையைப் பூஜ்யம் என்று வைத்தால் மொட்டை மாடி 12 அடி மேலே. மொட்டை மாடியைப் பூஜ்யம் என்று வைத்தால் தரை 12 அடி கீழே. படிக்கட்டு அதேதான், ஏறி இறங்கும் கால்வலியும் அதேதான். மைனஸ்ஸைப் பாடியில் கட்டினால் மற்ற ஒயர்கள் எல்லாம் பாடியைவிட 12 வோல்ட் மேலே இருக்கும். பிளஸ்ஸைப் பாடியில் கட்டினால் 12 வோல்ட் கீழே இருக்கும். முதலாவது நெகட்டிவ் எர்த், இரண்டாவது பாசிட்டிவ் எர்த். பேட்டரியில் எந்த மாற்றமும் கிடையாது. இரண்டு வண்டிக்கும் ஒரே பேட்டரியை வைக்கலாம், கொம்புகள் இருக்கும் பக்கத்துக்குக் கேபிள் எட்டினால் போதும்.

ஏன் பிளஸ்ஸைப் பாடியில் கட்டினார்கள்?

இந்தப் பகுதியை விளக்க ஓர் உருளைக்கிழங்கு போதும். பாதியாக நறுக்கி, வெட்டிய முகத்தில் இரண்டு செம்பு ஒயர்களை ஓர் அங்குல இடைவெளியில் குத்தி, மறுமுனைகளை பேட்டரியில் தொடுங்கள். ஒயர்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. சில நிமிடங்களில் ஓர் ஒயரைச் சுற்றிப் பச்சைக் கறை படரும். அது பிளஸ் ஒயர். அந்தப் பக்கத்துச் செம்பு மெல்லக் கரைந்து கிழங்கின் ஈரத்தில் கலக்கிறது. மைனஸ் ஒயரில் நுரை மட்டும் வரும், செம்பு அப்படியே இருக்கும். கொம்புகளில் அடையாளம் அழிந்துபோன பேட்டரியில் பிளஸ்ஸைக் கண்டுபிடிக்க இது பழைய வழி.

இப்போது மழையில் நனைந்து, பனியில் ஊறும் ஒரு காரை நினையுங்கள். ஈரமும் மின்சாரமும் சேருகிற இடத்தில் பிளஸ் பக்கத்து உலோகம் கரையும். ஒயர்கள் பிளஸ்ஸாக இருந்தால் மெல்லிய செம்பு கரையும். பாடி பிளஸ்ஸாக இருந்தால் ஒயர் பிழைக்கும், கனமான இரும்பு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் கார்காரர்கள் 1930-களில் பிளஸ்ஸைப் பாடிக்குக் கொண்டுபோனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. இன்னொரு காரணம் ஸ்பார்க் பிளக். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாகக் கிளம்பும், பிளக்கின் நடு முனைதான் அங்கே மிகவும் சூடானது. அந்த முனை மைனஸ்ஸாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தெறிக்கும். இது சரியான அறிவியல்தான், ஆனால் இதற்காக பேட்டரியையே திருப்ப வேண்டியதில்லை. இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களை இடம் மாற்றினாலே போதும். அதனால் இந்த இரண்டாவது காரணம் என்னை அவ்வளவாகத் திருப்திப்படுத்தவில்லை.

லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 1948-இல் அறிமுகமாகிப் பதினாறு லட்சத்துக்கு அருகில் உற்பத்தியான மொரிஸ் மைனர், பாசிட்டிவ் எர்த் காலத்துக் குழந்தை. அதே பிரிட்டனின் எம்ஜிபி கார் 1967 வாக்கிலும், மினி கார் 1969 வாக்கிலும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. அமெரிக்காவில் ஃபோர்டு 1955 மாடல் வரை 6 வோல்ட்டும் பாசிட்டிவ் எர்த்துமாக இருந்து, 1956 மாடலில் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் என்று இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றியது. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மொரிஸ் மைனரை 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. அதே தெருவில் நின்ற ஃபியட் 1100 இத்தாலிய வழக்கப்படி நெகட்டிவ் எர்த். ஒரே மெக்கானிக் இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோவுக்குப் பதிலாக வந்த ஆல்டர்னேட்டரும், டிரான்சிஸ்டரும் காருக்குள் நுழைந்த பிறகு எல்லா நாட்டுக்கும் ஒரே முறை இருந்தால் நல்லது என்று ஆனது. அந்தப் போட்டியில் நெகட்டிவ் எர்த் நிலைத்தது.

எதற்குத் துருவம் முக்கியம், எதற்கு இல்லை?

சாதாரண இழை பல்புக்குத் துருவம் தெரியாது. உள்ளே இருப்பது ஒரு கம்பி, எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் சூடாகி எரியும். ஹாரனும் அப்படியே. செல்ஃப் மோட்டாரைப் பற்றித்தான் பெரிய குழப்பம். அதில் சுழலும் பகுதியும் மின்காந்தம், சுற்றி நிற்கும் பகுதியும் மின்காந்தம். துருவத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே திரும்பிக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினால் பழையபடி எதிரும் புதிருமாகத்தானே இருப்பார்கள்? அதனால் சுற்றும் திசை மாறாது. எங்கள் மொரிஸ் மைனர் அன்றைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிளம்பியது இதனால்தான். இந்தத் தவறின் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: வண்டி ஓடுவதால் சரியாக மாட்டிவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம்.

நிலைக்காந்தம் வைத்த மோட்டார்கள், அதாவது பின்னால் வந்த ஹீட்டர் விசிறி, வைப்பர் மோட்டார் சில, தலைகீழாகச் சுற்றும். அவற்றில் ஒரு பக்கம் திரும்பும், காந்தம் திரும்பாது. ஆம்ப் மீட்டர் இருந்தால் முள் எதிர்ப்பக்கம் சாயும்.

உண்மையில் உயிரை விடுவது டயோடு இருக்கும் சாமான்கள். சைக்கிள் டயரின் வால் டியூப் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. டயோடு மின்சாரத்துக்கு அப்படி ஒரு வால் டியூப், ஒரே திசையில்தான் விடும். ஆல்டர்னேட்டருக்குள் பல டயோடுகள் இருக்கின்றன. பேட்டரியைத் திருப்பி மாட்டினால் அவை வழக்கமாகத் தடுத்து நிற்கும் திசை திறந்துகொள்ளும். தடையே இல்லாமல் பெரிய மின்சாரம் பாய்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோ, எலக்ட்ரானிக் இக்னிஷன், பின்னால் சேர்த்த மொபைல் சார்ஜர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதுவரை பார்த்தது: பல்பு, ஹாரன், செல்ஃப் துருவத்தைக் கண்டுகொள்ளாது. டயோடு உள்ளவை கண்டுகொள்ளும், செத்தும் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விசேஷமான ஆள் இருக்கிறது: டைனமோ.

டைனமோவின் ஞாபகம்

பழைய கார் டைனமோவுக்குள் நிலைக்காந்தம் கிடையாது. இரும்பும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும்தான். ஆனால் ஒருமுறை காந்தமான இரும்பு அதை முழுவதுமாக மறப்பதில்லை, கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். அதற்குப் பெயர் எஞ்சிய காந்தம். டைனமோ சுழலத் தொடங்கும்போது இந்த மிச்சம்தான் முதல் துளி மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்தத் துளி சுருளுக்குள் போய்க் காந்தத்தைப் பெருக்க, மின்சாரம் வளர்கிறது. பால் உறை ஊற்றுவது மாதிரி. நேற்றைய தயிர் எப்படியோ இன்றைய தயிரும் அப்படி. கடைசியாக எந்தத் துருவத்தில் காந்தமானதோ, அதே துருவத்தில்தான் டைனமோ மின்சாரம் கொடுக்கும். பேட்டரியை நாம் திருப்பி மாட்டியது அதற்குத் தெரியாது.

அந்தச் சார்ஜ் லைட் விஷயத்துக்கு வருவோம். அந்த பல்பின் ஒரு முனை பேட்டரி பக்கம், மறுமுனை டைனமோ பக்கம். இரண்டும் ஒரே அளவு வோல்ட்டுக்கு வந்தால் நடுவில் வித்தியாசமில்லை, பல்பு அணையும். டைனமோ எதிர்த்துருவத்தில் இருந்தால் ஒரு பக்கம் பாடியைவிட 12 மேலே, மறுபக்கம் 12 கீழே. நடுவில் 24 வோல்ட். மிதிக்க மிதிக்க அது பிரகாசமானதற்குக் காரணம் இதுதான்.

புகை வந்த டப்பாவில் கட்-அவுட் இருக்கிறது. டைனமோ போதுமான அளவு சுழன்றதும் அதை பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச் அது. டைனமோவில் வோல்ட் வந்ததா என்றுதான் அது பார்க்கும், பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பார்க்காது. அதனால் வழக்கம்போல மூடிக்கொண்டது. 24 வோல்ட் மோதி, அந்தச் சின்னக் காண்டாக்ட்டுகள் உருகி ஒட்டிக்கொண்டன.

உங்கள் வண்டி எந்த ரகம்?

முதலில் நிறங்களை நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் ஒயரிங்கில் கறுப்பு என்றால் எர்த். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அந்தக் கறுப்பு ஒயர் பிளஸ்ஸோடுதான் சேர்ந்திருக்கும். சிவப்பு டேப், சிவப்பு மூடி எல்லாம் யாரோ ஒரு காலத்தில் கைக்குக் கிடைத்ததைச் சுற்றியதாக இருக்கலாம். கையேட்டையும் முழுதாக நம்ப முடியாது. ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனையோ பேர் கை வைத்த வண்டி, நடுவில் ஒருவர் நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கக்கூடும்.

பேட்டரி மாட்டியிருந்தால் வேலை சுலபம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் அழுத்துங்கள். சிவப்பு முனையைச் செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளின் முனையில் வையுங்கள். 12.4 என்று காட்டினால் பாடி மைனஸ். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு -12.4 என்று காட்டினால் பாடி பிளஸ். ஆனால் இதில் தெரிவது இப்போது எப்படி மாட்டியிருக்கிறது என்பது மட்டும். எங்கள் வண்டியில் அன்றைக்கு மீட்டர் வைத்திருந்தால் அந்தத் தவறையே உண்மை என்று காட்டியிருக்கும்.

அதனால் வண்டியிடமே சாட்சி கேட்க வேண்டும். கார் பேட்டரியில் பிளஸ் கொம்பு மைனஸ்ஸைவிடக் கொஞ்சம் பருமன். வழக்கமான பெரிய கொம்புகளில் அடிப்பகுதி விட்டம் 19.5 மில்லிமீட்டரும் 17.9 மில்லிமீட்டரும். வித்தியாசம் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும், கிளாம்ப்புக்கு நன்றாகவே தெரியும். பாடிக்குப் போகும் கேபிளின் கிளாம்ப் பெரிய துளையோடு இருந்தால், அது பிளஸ்ஸுக்காகச் செய்தது. அந்தப் பையன் ஸ்க்ரூடிரைவரால் அகட்டியபோதே வண்டி எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கிளாம்ப் இறங்கவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

அடுத்த சாட்சி டைனமோ. அதன் ஞாபகத்தை நாம் படித்துப் பார்க்க முடியும். டைனமோவில் இருக்கும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஃபேன் பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை டைனமோ உடம்பில், சிவப்பு முனை 'டி' என்று எழுதிய பெரிய டெர்மினலில். இப்போது கப்பியை இன்ஜின் சுழற்றும் அதே திசையில் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். கால் வோல்ட் வந்தாலும் போதும், நமக்கு வேண்டியது குறிதான். கோடு இல்லாமல் வந்தால் அந்த டைனமோ கடைசியாக நெகட்டிவ் எர்த்தில் வேலை செய்தது. கோட்டோடு வந்தால் பாசிட்டிவ் எர்த்தில். வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த டைனமோ என்றால் மட்டும் இந்தச் சாட்சி செல்லாது.

ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறதா? அநேகமாக யாரோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியாக இருக்கும். கிளாம்ப், டைனமோ, வண்டியில் உள்ள ரேடியோ போன்றவற்றின் மேல் எழுதியிருப்பது, இவை எல்லாம் ஒரே பதிலைச் சொன்னால் நம்பி மாட்டலாம். ஒன்று முரண்பட்டாலும் மாட்டாதீர்கள்.

மாற்றுவதா, விடுவதா என்று கேட்டால், டைனமோவும் பல்புகளும் மட்டுமே உள்ள வண்டியை அதன்போக்கில் விடுவதையே நான் விரும்புவேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பேட்டரியைத் திருப்புவதோடு வேலை முடியாது. காயிலின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் புது ஞாபகம் கொடுக்க வேண்டும். லூகாஸ் கம்பெனி டைனமோ என்றால் அதன் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பாடியோடு சேராத பேட்டரி முனையிலிருந்து ஓர் ஒயரை எடுத்து 'எஃப்' என்ற சின்ன டெர்மினலில் ஒரு விநாடி போல இரண்டு மூன்று முறை தொட்டால் போதும். சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம்.

கழற்றும்போதும் கைகொடுக்கும்போதும்

"பேட்டரி கழற்றும்போது மைனஸை முதலில் கழற்று" என்று எல்லோரும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அது "எர்த்தை முதலில் கழற்று". எர்த் கேபிள் மாட்டியிருக்கும்போது மறுமுனையில் ஸ்பேனரைப் போட்டு, அது தவறிப் பாடியில் பட்டால் முழு பேட்டரியும் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுக்கும், கையில் மோதிரம் இருந்தால் அதுவும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் எங்கே பட்டாலும் கவலையில்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ், கடைசியாக மாட்ட வேண்டியதும் பிளஸ்.

ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு, அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதற்கு, புது காரைப் பக்கத்தில் நிறுத்தும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. புது காரின் பாடி மைனஸ், பழைய காரின் பாடி பிளஸ். கேபிளைக் கொம்புக்குக் கொம்பு சரியாகவே மாட்டியிருந்தாலும், இரண்டு பம்பரும் உரசினால் பிளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்ளும். ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள், இரண்டிலும் ஹேண்ட் பிரேக் போடுங்கள். புது கார்களில் சொல்கிற மாதிரி "கறுப்பு கேபிளை இன்ஜினில் மாட்டு" என்பதைப் பழைய வண்டியில் அப்படியே செய்யக்கூடாது. அங்கே இன்ஜின் பிளஸ். கறுப்பு கேபிள் போக வேண்டியது பேட்டரியின் மைனஸ் கொம்புக்குத்தான். எனக்கு வாய்ப்பிருந்தால் ஜம்ப் செய்வதையே தவிர்த்து, வெளியே எடுத்துச் சார்ஜ் போட்ட பேட்டரியை மாட்டுவேன்.

பெரியப்பா அந்தக் கட்-அவுட் டப்பாவை மாற்றிய அன்று, பேட்டரித் தட்டுக்குப் பின்னால் உள்ள தகரத்தில் வெள்ளை பெயின்ட்டால் 'பாடி = பிளஸ்' என்று எழுதி வைத்தார். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு மூன்று பேட்டரி மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் மாட்ட வந்தவர் அதைப் படித்துவிட்டு, கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.